கொளஞ்சி ஓட்டிய மிலிட்டரி லாரி

கொளஞ்சி வாயைத் திறப்பதற்கு முன் கை நீட்டிவிடுகிற ஆள். அந்தக் கோபத்தால் இரண்டு பஸ் கம்பெனிகளில் வேலை போய், கடைசியில் மரக்காணத்து மரவாடி முதலாளி அரசப்பனிடம் டிரைவராகச் சேர்ந்தான். ராணுவம் ஏலம் விட்ட பழைய லாரி ஒன்றை வாங்கி, பின்பக்கம் இரும்பு உருளையும் கம்பிக் கயிறும் பொருத்தி, மரம் இழுக்கிற வண்டியாக மாற்றியிருந்தார் அரசப்பன். மற்ற லாரிகள் புதைந்துபோகிற கடலோர மணலில் இது நான்கு சக்கரத்தாலும் உந்திக்கொண்டு போகும்.

சுனாமிக்குப் பிறகு சவுக்குத் தோப்புகளில் மரங்கள் குவியலாகச் சாய்ந்து கிடந்ததால் வண்டிக்கு ஓய்வே இல்லை. உப்புக்காற்றில் கதவின் அடித்தகடு கையோடு பெயர்ந்து வந்தது. கம்பிக் கயிற்றில் துருவேறி, அறுந்த இழைகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன.

"ரோப்ப மாத்துங்க மொதலாளி. ஆள அடிச்சிடும்" என்றான் கொளஞ்சி.

"மாத்தலாம், மாத்தலாம். மொதல்ல இந்தத் தோப்ப முடி."

அந்தத் தோப்பு முடியவில்லை. ஆடி மாதக் காற்றில், சேற்றில் புதைந்த ஒரு பெரிய மரத்துக்குக் கொக்கி மாட்டிவிட்டு, லோடுமேன் பச்சமுத்து விலகுவதற்குள், கொளஞ்சி கியர் போட்டு இழுத்த கயிறு அறுந்தது. சாட்டைபோலச் சுழன்று வந்து அவன் கழுத்தைக் கிழித்தது. கொளஞ்சி குதித்து ஓடி, லுங்கியை அவிழ்த்துக் கழுத்தில் அழுத்தினான். விரலிடுக்கெல்லாம் ரத்தம் பீறிட்டது. அதே லாரியில் ஏற்றிப் பறந்தும் ஆஸ்பத்திரி வருவதற்குள் பச்சமுத்து போய்விட்டான்.

மரம் சாய்ந்து செத்தான் என்று அரசப்பன் போலீசில் சொல்லிவிட்டார். அடக்கம் முடிந்ததும் பச்சமுத்துவின் மனைவி லூர்துமேரி கொளஞ்சி முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நீதான கூட இருந்த. மரமா விழுந்துச்சி?"

"இல்லம்மா. ரோப்பு."

"அப்ப அத ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

சொன்னான். நாளைக்கு வந்து வண்டியைப் பார்க்கிறோம் என்றார்கள். அவன் மரவாடிக்குத் திரும்பியபோது, அரசப்பன் பக்கத்தில் நிற்க, அவருடைய ஆட்கள் இருவர் கேஸ் கட்டரால் பின்கதவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது உருளைதான்.

"கைய எடுங்கடா" என்று ஒருவனைப் பிடித்துத் தள்ளினான். மற்றவன் இரும்புத்தடியால் அடித்ததில் கொளஞ்சியின் இடது முழங்கை மடிந்து தொங்கியது. கீழே விழுந்த அவன் விலாவில் இருவரும் மாறி மாறி உதைத்தார்கள்.

அரசப்பன் கிட்ட வந்து குனிந்தார். "கியரு யாரு கையிலடா இருந்துச்சி? நீதான் அவனக் கொன்ன. நாளைக்கு வண்டியும் இருக்காது, போய் சொல்லிக்க."

கொளஞ்சியின் வலது கைக்கு வீல் ஸ்பேனர் அகப்பட்டது. தடி வைத்திருந்தவன் தாடை உடைந்து சுருண்டான். மற்றவன் ஓடினான். கொளஞ்சி தட்டுத்தடுமாறி ஏறி ஸ்டார்ட் செய்தான். வலது கையாலேயே கியரைத் தள்ளினான். அரசப்பன் ஓடிப்போய் கேட்டை இழுத்துச் சாத்தி, அதன் குறுக்கே நின்றார். லாரி நிற்கவில்லை. கேட்டோடு சேர்த்து அவரைச் சுவரில் வைத்து நசுக்கியது. அவர் அலறல் தெருக்கோடிவரை கேட்டது.

கொளஞ்சி பின்னால் எடுத்து, நேராக ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"மொதலாளி மேல வண்டிய ஏத்திட்டேன் சார். பின்னாடி அந்த ரோப்பப் பாருங்க."

கடலூர் ஜெயிலில் வக்கீல் வழி சொல்லிக்கொடுத்தார். "பிரேக் புடிக்கலன்னு சொல்லு. துருப்புடிச்ச வண்டி, நம்புவாங்க."

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சி சார். நான் மிதிக்கல."

மறு வருஷம் ஜாமீனில் வந்தான். முழங்கை மடங்கவில்லை, ஸ்டியரிங் பிடிக்க வழியில்லாமல் உப்பளத்தில் காவலுக்குப் போனான். கயிறு அறுந்ததற்காக அரசப்பன்மேலும் வழக்குப் பதிவாகியிருந்தது. இரண்டு வழக்கும் இழுத்துக்கொண்டே போக, லாரியைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் டயர்கள் மணலில் அமிழ, தகடு தகடாக உதிர்ந்துகொண்டு நின்றது.

கோர்ட்டில் ஒருநாள் ஒரு கால் இல்லாத அரசப்பன், கட்டைகளை ஊன்றி பெஞ்சுப் பக்கம் வந்தார். கொளஞ்சி நகர்ந்து இடம் விட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்துமேரி நகரவில்லை. "நின்னுக்கிட்டே இருக்கட்டும்" என்றாள்.