கபீர் பாய் மதில் பூசிய கதை

கடலோரத்து வேதாளை கிராமத்துக் கபீர் பாய் சட்டத்துக்குப் பயந்தவர். எல்லாரும்தான் பயப்படுகிறோம், ஆனால் நாமெல்லாம் போலீஸைக் கண்டால்தான் பயப்படுவோம். துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த இந்த மனுஷன், ஆளில்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் ஸ்கூட்டரைத் திருப்புவார். அப்படிப்பட்டவர் மகள் லாமியாவுக்கு வந்த மாப்பிள்ளை இர்பான், பக்கத்து ஊரான மண்டபத்தில் வனக்காவலர்.

வந்த சம்பந்தங்களையெல்லாம் மூக்கைச் சுளித்தே அனுப்பியவள் லாமியா. இந்தப் பையனைப் போட்டோவிலேயே பிடித்துப்போய், வாய்விட்டுச் சரி என்றாள். இது கைநழுவக் கூடாதே என்று பாய்க்குச் சோறு இறங்கவில்லை. காரணம், வீட்டு மதில்.

மதில் முழுக்கப் பவளக்கல். பாட்டனார் காலத்தில் கடலில் உடைத்து, தோணியில் ஏற்றிவந்து கட்டியது. அன்றைக்கு ஊரே அப்படித்தான் கட்டியது, கேட்க நாதியில்லை. பிற்பாடு டெல்லியில் வனவிலங்குச் சட்டம் போட்டார்கள். அப்புறம் அதிலே பவளத்தையும் சேர்த்து, புலிக்குச் சமமாக உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து பாய் கணக்கில் அவர் வீட்டைச் சுற்றிப் புலிகள் நின்றன.

"அது பாட்டுக்கு நிக்கிது. யாரு கேக்கப்போறா?" என்றாள் மனைவி மஜீதா.

"மாப்பிள்ளையே கேப்பாரு. பொண்ணு பாக்க வந்த எடத்துல கேஸ் எழுதிட்டுப் போவாரு, பாத்துக்க."

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் கொத்தனாரைப் பிடித்து, மதிலைச் சிமெண்டால் பூசி மூடச் சொன்னார். சிமெண்டு வந்தது, மணல் லாரி வரவில்லை. வீட்டுக்குப் பின்னால்தான் கடற்கரை. பாயே சாக்கை எடுத்துக்கொண்டு போனார். அல்லாஹ் கொடுத்த மணல் அங்கே கொட்டிக் கிடந்தது.

மறுநாள் இர்பான் தாயோடு வந்தான். தாய் உள்ளே போக, அவன் மட்டும் மதிலருகே நின்றுவிட்டான். ஈரப் பூச்சில் குட்டிக் குட்டியாகச் சிப்பிகள். ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பார்த்தான்.

"உள்ள என்ன, பவளக்கல்லா?"

பாய் மதிலை மறைத்துக்கொண்டு நின்றார். "பாட்டனார்... பாட்டனார் கட்டுனது..."

"அப்பச் சட்டமே கெடையாதே. அதுக்கு ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இந்த மணல் எங்கன அள்ளுனது?"

இல்லாத குற்றத்தை மறைக்கப் போய், வாழ்நாளின் முதல் குற்றத்தைச் செய்துவிட்டோம் என்பது பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. கை தானாகக் கடல் பக்கம் நீண்டது. ஜன்னலில் நின்ற லாமியா, "போச்சு அத்தா, எல்லாம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இர்பான் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கிய அந்த முகத்தைக் கடமைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கடற்கரையில மணல் அள்ளுறது குத்தம். மிச்சத்தக் கொண்டுபோய் அள்ளுன எடத்துலயே கொட்டிருங்க. இனிமே இப்படிச் செய்யாதீங்க, மாமா."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் பாய்க்கு உயிர் வந்தது. புது வெள்ளைச் சட்டையோடு மணல் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தார்.

"சாப்புட்டுப் போயிக் கொட்டலாம்ல!" என்று கத்தினாள் மஜீதா.

"சும்மா இரு," என்றார் பாய், தெருவுக்கே கேட்கும்படி. "மருமகன் சொல்லிட்டாருல்ல!"