கயிறு பிடிப்பவன் தூங்கும் காட்சி

என் ஆராய்ச்சிக்காக முதன்முதலில் படித்த பழைய நாடகப் பிரதியில் ஒரு மேடைக் குறிப்பு இருந்தது. கப்பல் மூழ்குகிறது, மூழ்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுகிறார்கள் என்று. கல்லூரி நூலகத்துக் கணினி முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நூலகர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள் நான். விக்டோரியா ராணி காலத்து வெள்ளைக்காரர்கள் பேர்பெற்ற நாவல்களை எடுத்து, கிறிஸ்துமஸ் சீசனுக்கான பாண்டோமைம் கூத்தாக மாற்றி, தாங்கள் ஆண்ட துறைமுகங்களின் கிளப் மேடைகளில் போட்டுப் பார்த்தார்கள். அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி. வகுப்பில் நான் தொண்டை வறளப் பாடம் எடுக்கும் ஒரு நாவல், கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய மாலுமியின் கதை. அந்தக் கூத்தில் அவனுக்குப் புதிதாக ஓர் அம்மா முளைத்திருந்தாள். மகனைத் தேடிக் கடல்மேல் கிளம்புகிறாள். அம்மா வேஷம் கட்டுவது ஆண். மாலுமி வேஷம் கட்டுவது இளம்பெண். அம்மாவுக்கு ஓர் உரிமை உண்டு. நினைத்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு யாரோடு வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். பார்க்கிற சனம் சும்மா இருக்கக்கூடாது, மேடையில் நடப்பதைப் பார்த்துக் கத்தி எச்சரிக்க வேண்டும்.

சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கியவள் நாலாம் நாள் வாயடைத்துப் போனேன். அதற்குக் காரணம் ஒரு துணி. கொசுவலைபோல மெல்லிய துணியை மேடை முழுக்கக் கட்டுகிறார்கள். முன்பக்கம் விளக்கு எரிந்தால் அது சுவர். முன்விளக்கைத் தணித்துப் பின்விளக்கைத் தூண்டினால் சுவர் அப்படியே கரைந்து, பின்னால் இருக்கும் உலகம் தெரிகிறது. மின்சாரம் வராத காலத்தில், வெறும் எரிவாயு விளக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். எத்தனை பெரிய புத்தியை எத்தனை சின்னப்பிள்ளைத்தனத்துக்குச் செலவழித்திருக்கிறார்கள் என்று மலைத்துப்போனேன்.

எரிச்சலும் வந்தது. அம்மா கடலுக்கடியில் மகனைத் தேடும் காட்சியில், முத்துக்குளிப்பவர்களாகக் கிளப் குமாஸ்தாக்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு வருகிறார்கள். எந்தக் கரையைப் பார்த்து எழுதினார்கள் என்று பிரதியில் இல்லை. எங்கள் ஆட்கள் யாராவது அந்த நாடகத்தைப் பார்த்திருந்தால் வராந்தாவில் உட்கார்ந்து துரைகளுக்குப் பங்கா விசிறி இழுத்துக்கொண்டுதான் பார்த்திருப்பார்கள். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அவர் குசினி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நம்ம ஆள் நடித்தால் கரியே வேண்டாமே என்றார். ஆண் சேலை கட்டுவதும் அவருக்கு அதிசயமில்லை. மாதா கோயில் திருவிழா நாடகத்தில் பத்து வருஷம் ராணியாக நின்றவர். எங்கள் கரையில் அதிசயப்பட்டவள் ஆராய்ச்சிக்காரி ஒருத்திதான்.

அவர் சங்கு குளித்தவர். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், குழாய் வழியே வரும் காற்றை வாயில் கவ்விக்கொண்டு கீழே போவார். மேலே வள்ளத்தில் குழாயையும் கயிற்றையும் பார்த்துக்கொள்பவன் என் தம்பி. கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவது இந்தக் கரையின் பழைய வழக்கம். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பியும் சம்மதிக்க மாட்டான் என்கிற கணக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் கம்ப்ரசர் நின்றுபோய், காற்று வராமல், அவர் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தார். அப்படி வரக்கூடாது. ரத்தத்துக்குள் குமிழ் கட்டி உடம்பு மரத்துவிட்டது. உயிர் தங்கியது, வலது கால் போய்விட்டது. அன்றிலிருந்து ஊன்றுகோல்தான்.

தம்பி கண்ணசந்துவிட்டான் என்று கரையில் யாரோ சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் தெரியாத வீடில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒருவர் என்ன நடந்தது என்று இவரிடமே கேட்டார். "கீழ கெடக்கவனுக்கு மேல நடக்கது என்ன தெரியும்?" என்றார் இவர். தெரியாது என்பதைத்தான் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன். கதவருகே நின்ற தம்பி, மேலே இருந்தவனைக் குத்திச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். கையிலிருந்த பிளாஸ்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவன், அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கடலையும் விட்டுவிட்டான். துறைமுகத்தில் கிரேனுக்குக் கொக்கி மாட்டும் வேலை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பண்டிகை வந்தால் வண்டியை அணைக்காமல் வாசலில் நின்று, பலகாரத்தை என் கையில் தந்துவிட்டுப் போவான். அத்தான் எப்படி இருக்காங்க என்று கேட்கமாட்டான். நானும் உள்ளே வா என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

போன வருஷம் அவனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. ஜனவரியில் கிளம்ப வேண்டும். இப்படியே விமானம் ஏறிவிட்டால் இந்த ஜென்மத்துக்கு அவன் என் வீட்டில் கைநனைக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் மாதா கோயில் பங்குச்சாமி, கிறிஸ்துமஸ் மறுநாள் பகலில் பள்ளிக்கூட ஹாலில் போட ஒரு நாடகம் கேட்டார். என் கூத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அம்மா வேஷத்துக்கு என் வீட்டுக்காரரைவிட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் வாசிப்பில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவர்தான் உரக்கப் படித்தார். முத்துக்குளிக்கும் காட்சி வந்தது. அம்மா கடலுக்குள் இறங்குகிறாள். மேலே கயிறு பிடிப்பவன் கொட்டாவி விடுகிறான், தூங்கிவிடுகிறான், சபை சிரிக்கிறது.

படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பத்துப் பேரும் குனிந்து கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள்.

அதை எழுதியவள் நான். ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்து, கொட்டாவிக்கும் குறட்டைக்கும் இடம் விட்டு, ரசித்து எழுதியிருந்தேன். மொழிபெயர்க்கிறவளுக்கு வாக்கியம் தெரிகிறது, சொந்த வீடு தெரியவில்லை. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம்போல இருந்தது. அடித்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். "அடிக்காத. இருக்கட்டும்" என்றார் அவர். வீட்டுக்கு வந்து எவ்வளவோ கேட்டும், சிரிப்புக் காட்சிதானே என்பதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. ஆறு வருஷமாக மென்று விழுங்கியதை ஊர் முன்னால் துப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

கோபத்தோடு கோபமாக வேலையும் நடந்தது. மேடையில் இரண்டு மேசையைப் போட்டு, அதன்மேல் பெஞ்சைக் கட்டி வள்ளம் ஆக்கினோம். அதற்கு முன்னால் மேடை அகலத்துக்கு, வள்ளத்து விளிம்பு உயரம்வரை நீலக் கொசுவலைத் துணி, அதுதான் கடல். கால் விளங்காதவரைத் துணிக்குப் பின்னால் பத்திரமாக இறக்கி ஏற்ற வேண்டுமே என்று பங்குச்சாமி என் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். என் வீட்டுக்காரர் ஒத்திகையில் இல்லாத நேரம் பார்த்து வந்தான். உத்தரத்தில் கப்பி மாட்டி, துறைமுகத்து இடுப்புப் பட்டை ஒன்றைக் கோத்து, அரிசி மூட்டையைக் கட்டி நாலு தரம் இறக்கிப் பார்த்தான். கயிறு பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிடாதிய சாமி என்று சொல்லிவிட்டுப் போனான். பாடற்குழுவைச் சேர்ந்த இரண்டு பேரை மறைவில் நின்று பிடிக்க ஏற்பாடு செய்தோம். மேடையில் அதே கயிற்றைப் பிடித்தபடி தூங்கும் வேஷம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருக்கு.

நாடகத்தன்று ஹால் நிரம்பிவிட்டது. முன்னால் பெண்களும் பிள்ளைகளும், கடைசி பெஞ்சுகளில் வயதான சங்குக் குளியாட்கள். ஜன்னல்களை எல்லாம் அடைத்துத் துணி போட்டிருந்தோம். விளக்குப் பலகையில் நான். என் நைலக்ஸ் சேலையில், நெஞ்சில் வலைக் கந்தலைத் திணித்துக்கொண்டு, பொய்முடியோடு அவர் வந்து நின்றதும் ஹாலே அதிர்ந்தது. ஊன்றுகோலால் மாலுமியை விரட்டினார். மருமகள் தேடித் தரச் சொல்லி முன்வரிசைக் கிழவிகளிடம் கெஞ்சினார். கப்பல் மூழ்கியபோது மூழ்கியவர்களோடு பிள்ளைகளும் சேர்ந்து பாடின. சண்டை மறந்து நானும் சிரித்தேன்.

பிறகு முத்துக்குளிக்கும் காட்சி. டிரில் மாஸ்டர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சத்தம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் பெரிதாக விட்டார், கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டார். பின்னாலிருந்து ஒரு கிழவர், "கயித்தப் பாருலே" என்றார். கத்தவில்லை, வள்ளத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோலச் சொன்னார். ஹால் முழுக்கக் கேட்டது. பக்கவாட்டுக் கதவோரம், கப்பியைச் சரிபார்க்க வந்த தம்பி நின்றிருந்தான். திரும்பி வெளியே போகக் கால் எடுத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் வள்ளத்து விளிம்பில், இடுப்பில் பட்டையோடு நின்றார். கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏலே மச்சான், இங்கன வா."

பிரதியில் இல்லாத பேச்சு. ஆறு வருஷமாக அவர் கூப்பிடாத முறை. தம்பி நின்றான். முந்நூறு கண்ணும் அவன்மேல் இருந்தது. அவர் டிரில் மாஸ்டர் கையிலிருந்த கயிற்றை உருவி நீட்டினார்.

"இவன் தூங்கிருவான்னு எழுதிருக்கு. நீ பிடி."

தம்பி மேடை ஏறினான், மேசைமேல் ஏறினான். மறைவில் நின்ற இருவரையும் விடச் சொல்லிவிட்டு, கயிற்றை முதுகுக்குப் பின்னால் சுற்றி வாங்கி, காலை ஊன்றிக்கொண்டான். அவர் ஊன்றுகோலைக் கீழே போட்டார். ஒரு கேள்வி கேட்காமல் பின்பக்கமாகச் சாய்ந்து, தன் முழுப் பாரத்தையும் அந்தக் கயிற்றில் விட்டார்.

நான் முன்விளக்கை அணைத்துப் பின்விளக்கைப் போட்டேன். கடல் திறந்துகொண்டது. நீல வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு மனிதர் தொங்கியபடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார். சேலை விரிந்து மிதந்தது. நான் பல தடவை படித்துக் குறிப்பெடுத்த வித்தைதான், ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான் அந்த இடம். கல்யாணமான நாளிலிருந்து அவர் காலையில் போய் மத்தியானம் திரும்பி வந்த இடம், நான் ஒருநாளும் பார்த்திராதது. முன்வரிசையில் இருந்த எந்தப் பெண்ணும் பார்த்ததில்லை. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருத்தி லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேலிக்காகக் கட்டிய துணிக்குள் எங்கள் வீட்டு ஆண்களின் கடல் இருந்தது.

அவர் கீழே இருக்கும்போது இரண்டு பாட்டு உண்டு. முதல் பாட்டின் முதல் அடி முடியவில்லை, தம்பி இழுக்கத் தொடங்கிவிட்டான். அவன் கடலையும் பார்க்கவில்லை, சபையையும் பார்க்கவில்லை, கயிறு ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பாதித் தண்ணீரில் தொங்கிக்கொண்டு அவர் சொன்னார்.

"பாட்டு இன்னும் முடியலலே மச்சான்."

"போதும் அத்தான்" என்றான் தம்பி. "மேல வாங்க."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தான். கோணிப்போன பொய்முடியை நேராக்கிவிட்டான். பிறகு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், உடம்பு குலுங்க அழுதான். அவர் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

விளக்கை அணைத்துத் திரையை இழுக்க வேண்டியவள் நான். அப்படித்தான் பிரதியில் எழுதியிருந்தேன். கை பலகைமேல்தான் இருந்தது. இழுக்கவில்லை. ஊர் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.