விஜிதரனின் வயிற்றெரிச்சல்

வினோதா மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கும் சனிக்கிழமைகளில் விஜிதரனுக்கு வேலை ஓடாது.

ரிஸ்வி நானாவின் போன் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பழுது பார்ப்பது அவன் வேலை. கண்ணாடிக்கு வெளியே பஸ் நிறுத்தம். ஏ.எல். என்னும் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே அவளுக்காகக் காத்து நிற்பார்கள். ஒருத்தி பையை வாங்குவாள், இன்னொருத்தி குடை பிடிப்பாள். "மிஸ், மிஸ்" என்ற சத்தம் கடைக்குள்ளே வரும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராக இருக்கும் வினோதா, கோயில் மண்டபத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் செய்முறை சொல்லிக் கொடுக்க வருகிறாள்.

இருவரும் ஒரே தோட்டம், அடுத்தடுத்த லய வரிசை வீடுகள், ஒரே வகுப்பு. ஏ.எல். பௌதிகவியலில் அவளுக்கு பி, அவனுக்கு ஏ. அவன் பொறியியல் பீடத்துக்கும் அவள் விஞ்ஞான பீடத்துக்கும் ஒன்றாகத்தான் தெரிவானார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கொழுந்து பறிக்கப் போக நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவன் அப்பா இராமையாவுக்கு மாலை போட்டார்கள். தோட்டத்தின் முதல் என்ஜினியர் என்று அவன் படத்தோடு பேனர் கட்டினார்கள்.

பீடத்தில் எல்லாம் ஆங்கிலம். கணக்கு அவனுக்குப் புரிந்தது; கணக்கைச் சுற்றி ஓடிய பேச்சு புரியவில்லை. எழுந்து கேட்கக் கூச்சம். கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தான். பிறகு அறையிலேயே படுத்துக் கிடந்தான். முதல் பரீட்சைக்கு முன் வயிற்றுவலி என்று வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. அம்மா பேனரைக் கழற்றி, மழையில் நனையாமல் விறகை மூடி வைத்தாள்.

விஞ்ஞான பீடம் லேசு, வினோதாவுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டே அவன் இத்தனை காலத்தையும் ஓட்டியிருந்தான். ஒருமுறை அவள் கடைக்கு வந்து வகுப்புச் செய்முறைக்கு மல்டிமீட்டர் இரவல் கேட்டபோது, நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செத்ததைப் போட்டுக் கொடுத்தான். வகுப்பு குழம்பியதா என்று அறிய மாலை வரை காத்திருந்தான். அவளோ பக்கத்துக் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டு, அதோடேயே திருப்பிக் கொடுத்தாள். அவனுக்கு அது இன்னும் எரிந்தது.

வினோதாவிடம் படித்து முதலில் பொறியியலுக்குத் தெரிவானவள் சுலக்ஷனா. அவள் முதல் வருடத்தின் நடுவிலேயே பெட்டியோடு வீடு வந்து சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று விஜிதரன் சந்தோஷமாகச் சாப்பிட்டான். அம்மாவிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டான்.

அதற்கடுத்த சனிக்கிழமை வினோதா நேரே கடைக்கு வந்தாள்.

"விஜி, நீ ஒரு தடவ சுலக்ஷனாகிட்ட பேசேன். நான் சொன்னா ஏறல. 'ஒங்களுக்கு லேசா வந்துருச்சு மிஸ்'ங்கிறா."

"லேசாத்தானே வந்துச்சு?"

வினோதா அவனைப் பார்த்தாள். "மொத வருசம் எனக்கு ரெண்டு பாடம் போச்சுடா. லெக்சர்ல ஒரு எழவும் வெளங்கல. தெனமும் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவேன். வெளிய சொல்ல வெக்கம். அப்பறம் ரிப்பீட் எழுதித்தான் பாஸ் பண்ணேன்."

அவள் போன பிறகு அவன் ஒரே போனைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினான். அவளுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தவரை பொறாமைப்படுவது லேசாக இருந்தது. அவளும் அவனைப் போலவே கிடந்திருக்கிறாள், ஆனால் வீட்டுக்கு வரவில்லை. இதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுலக்ஷனாவிடம் அவன் போகவில்லை. அவளே வந்தாள், உடைந்த திரையோடு ஒரு போனை எடுத்துக்கொண்டு. அவன் திரையை மாற்றும் வரை நின்றவள் மெல்லக் கேட்டாள்.

"அண்ணா, நீங்களும் விட்டுட்டு வந்தவங்கதானே? இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?"

'நல்லாத்தான் இருக்கேன், நீயும் வந்துரு' என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் துணைக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

"பரீட்ச எப்ப?" என்றான்.

"வர்ற திங்கக்கெழம. நான் போகல."

இன்னும் வராத திங்கட்கிழமை. அவனுடையது எப்போதோ போய்விட்டது. எதிரே நிற்பவள் மேல் திடீரென்று அப்படி ஒரு எரிச்சல் வந்தது, கையிலிருந்த திருப்புளியை மேசையில் எறிந்தான்.

"நல்லா இல்ல! வினோதா பஸ்ஸ விட்டு எறங்குறப்ப எல்லாம் எனக்கு வயிறு எரியுது. நீ திரும்பி வந்துட்டேன்னு கேட்டப்ப எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்படி ஆகிட்டேன். ஒனக்கு இன்னும் பரீட்ச இருக்கு. அது மேலயே எனக்குப் பொறாமையா இருக்கு, போ!"

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

உள்ளிருந்து ரிஸ்வி நானா எட்டிப் பார்த்தார். "என்ன விஜி, அந்தப் புள்ளைக்கு ஏசிட்டியா?"

"ஆமா நானா."

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அப்பாவோடு ஹட்டன் பஸ் ஏறினாள். ஒரு பாடம் போனது, மற்றவற்றில் தேறினாள். "அவகிட்ட என்னடா சொன்ன?" என்று வினோதா கேட்டபோது, "ஒன்னும் சொல்லல" என்றான்.

அடுத்த வருடம், அதேபோல் படிப்பை விட்டு வந்திருந்த நிரஞ்சன் என்ற டயகமத் தோட்டத்துப் பையனை வினோதா அவனிடம் அனுப்பி வைத்தாள். அதன் பிறகும் ஓரிருவர் வந்தார்கள். விஜிதரன் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. டீ வாங்கிக் கொடுத்து, தான் திரும்பி வந்த கதையையும் அதற்குப் பிறகான வருடங்களையும் மறைக்காமல் சொல்வான். நிரஞ்சன் போகவில்லை, நுவரெலியாவில் மரக்கறி லொறி ஓட்டுகிறான். மற்றவர்கள் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் விஜிதரனுக்கு உள்ளே எரியத்தான் செய்தது.

போன மாதம் சுலக்ஷனா கடைக்கு வந்தாள். மூன்றாம் வருடம். லக்சபான மின்நிலையத்தில் பயிற்சி கிடைத்திருக்கிறதாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. அங்கேயே நின்று மடமடவென்று ஆங்கிலத்தில் பேசினாள். விஜிதரன் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டான்.

"அண்ணா, டர்பைன் பக்கத்துலயே வேலயாம். சந்தோஷமா?"

"சந்தோஷம்தான்," என்றான் அவன். "எரியவும் செய்யுது."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. டர்பைன் எவ்வளவு பெரியது, உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேட்டான்.