மொட்டை மாடிக் காக்கையின் அலகு

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் அக்ரகாரத் தெருவில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு மாமி சமையல் முடிந்ததும் தன் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சாதம் வைப்பார். நான் மாடி அறையில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்ப்பவள். ஜன்னல் வழியாக அந்தக் காக்கைகளை நான் படமெடுக்கத் தொடங்கியதற்குக் காரணம், பறவைகளை ஆராயும் என் கல்லூரித் தோழி. மலையடிவாரத்தில் கல்லாற்றுக் கடைகளைச் சுற்றும் காக்கைகளும் நகரத்துக் காக்கைகளும் உடலமைப்பில் வேறுபடுகின்றனவா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பறவையைப் பிடிக்காமலே அளக்கலாம். மாமியிடம் கேட்டு, சாதம் வைக்கும் இடத்துக்குக் கீழே ஒரு ஸ்கேலை ஒட்டினேன். காக்கை அதற்கு நேர் மேலே, பக்கவாட்டில் நிற்கும் படம்தான் உதவும். லேசாகத் திரும்பினாலும் அலகு குட்டையாகத் தெரியும். பிறகு கணினியில் ஸ்கேலோடு ஒப்பிட்டு அலகு, தலை, வால், வயிற்று வளைவு எல்லாவற்றையும் அளப்பேன்.

"காக்காய்க்கு சட்டை தைக்கப் போறியாக்கும்?" என்று மாமி சிரித்தார்.

மழைக்காலம் தொடங்கும்போது ஒரு காக்கையின் மேல் அலகு மட்டும் நீண்டு, நுனி கீழே வளைந்திருந்ததைக் கவனித்தேன். வாராவாரம் அளந்தேன். தலை மாறவில்லை. அலகு வளர்ந்துகொண்டே போனது. வயிறு உள்வாங்கிக்கொண்டே வந்தது. தலையைச் சாய்த்துப் பருக்கைகளைக் கொத்தும். பாதி கீழே சிந்தும். மற்ற காக்கைகள் அதற்குள் தின்று முடித்துவிடும்.

தோழிக்குப் படங்களை அனுப்பிவிட்டு, "பிடிச்சு நுனியை வெட்டிவிடலாமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம் கேட்டோ. வனத்துறை பெர்மிஷன் இல்லாம தொடக்கூடாது. பயத்துலயே செத்துப் போகும்," என்றாள், மலையாளம் கலந்த தன் தமிழில்.

கணினித் திரையில் ஒரு பறவை மெலிவதை இவ்வளவு துல்லியமாகப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமியிடம் காட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நான் வச்ச சாதம் இதுக்குக் கிட்டவே இல்லையா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து சாதத்தைத் தயிர் விட்டுக் குழையப் பிசைந்து, இரண்டு உருண்டைகளாக்கி, ஒன்றைச் சுவரின் அந்தக் கோடியில் தள்ளி வைத்தார். மற்ற காக்கைகள் அந்தப் பக்கம் போனால் முறத்தைத் தட்டி விரட்டினார். அந்தக் காக்கை அலகை உருண்டைக்குள் பக்கவாட்டில் நுழைத்து அள்ளித் தின்றது. சில வாரங்களில் வயிற்று வளைவு கொஞ்சம் திரும்பியது.

பிறகு ஒருநாள் காலை மாமி தன் மாடியிலிருந்து கூப்பிட்டார். "வந்து பாரேன்! மூக்கு ஒடிஞ்சிருக்கு, ஆனா திங்கறது!"

நீண்ட நுனி எங்கோ உடைந்து போயிருந்தது. ரத்தம் எதுவும் தெரியவில்லை. காக்கை பருக்கைகளை ஒவ்வொன்றாகக் கொத்தியது. நான் எடுத்த படங்களில் பாதி ஆடிப்போயிருந்தன.

அதன் அளவுகளைத் தோழி சராசரியில் சேர்க்கவில்லை. நோயுற்ற பறவையை மற்றவற்றோடு சேர்த்தால் கணக்கு தப்பிவிடும் என்றாள். சரிதான். அந்தப் படங்களைத் தனியாக வைத்திருக்கிறேன். அலகு மறுபடி நீளக்கூடும் என்பதால் இன்னும் அளக்கிறேன், இதுவரை நீளவில்லை.