ரிஸ்க் என்றால் உருதுவில் என்ன?

ஆயா வேலையில பெட்பேன் கழுவுறது சுலபம். டாக்டர் இங்கிலீஷ்ல சொல்றதை நோயாளிக்கு உருதுவுல சொல்றதுதான் உயிர் போற வேலை. கிட்ட வந்து உட்காருங்க, சத்தமா சொல்ல இன்னும் பயம் எனக்கு. ரெண்டு பாஷைக்காரங்களுக்கு நடுவுல நின்னு முழிச்சவங்க உங்கள்லயும் இருப்பீங்க, உங்களுக்குப் புரியும்.

நான் மல்காஜ்கிரியில ரயில்வே குடும்பத்துல பொறந்தவ. படிப்பு மூணாங்கிளாஸ், ஆனா காது நல்ல காது. வீட்டுல தமிழ், குழாயடியில தெலுங்கு, பக்கத்து வீட்டுல உருது. வேலை மாரெட்பள்ளியில ஒரு சின்ன நர்சிங்ஹோம்ல. டாக்டருங்க வெளியூர்க்காரங்க; ஹிந்தியில ஆரம்பிச்சு பாதியில நின்னு என்னைப் பார்ப்பாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்க கையெழுத்துப் போடணும். அப்போ தவறாம ஒரு வார்த்தை வரும்: ரிஸ்க். உருதுவுல அதுக்கு 'கத்ரா'. கரண்டு கம்பத்துல மண்டை ஓடு படம் போட்டு எழுதியிருக்குமே, அதே வார்த்தை.

தையல்காரர் ஓடினது

ஒரு தையல்காரருக்குக் குடல்வால் வீங்கிடுச்சு. டாக்டர் நீளமா என்னமோ சொன்னார். அதுல எனக்குத் தெளிவாப் பிடிபட்டது ரிஸ்க் ஒண்ணுதான். நானும் நேர்மையா, "கத்ரா ஹை பாய்", ஆபத்து இருக்குன்னு சொல்லிட்டு பேப்பரை நீட்டினேன். டீ குடிக்கணும்னு மகனை வெளியே அனுப்பிட்டு, கையில குத்தியிருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டு, மனுஷன் பின்வாசல் வழியாப் போயிட்டார். செருப்பு கட்டிலுக்குக் கீழேயே கிடந்துச்சு.

மூணாம் நாள் தூக்கிக்கிட்டு வந்தாங்க, குடல்வால் வெடிச்சு. பொழைச்சார். ஆனா அந்த மூணு நாளும் அந்தச் செருப்பை அங்கேயிருந்து யாரையும் நான் எடுக்க விடலை. கண் முழிச்சதும் போய்க் கேட்டேன், ஏன் பாய் ஓடினீங்கன்னு.

"வார்த்தைக்கு நான் பயப்படலைம்மா, அதைச் சொல்லும்போது உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் ஓடினேன்."

சின்ன கஷ்டம்னு சொன்னது

அதுக்கப்புறம் அந்த வார்த்தையையே விட்டேன். டாக்டர் ரிஸ்க்னு சொன்னா, "தோடி தக்லீஃப்", கொஞ்சம் கஷ்டம்னு சிரிச்ச முகமா சொல்லிடுவேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. யாரும் ஓடலை. கெட்டிக்காரின்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

ஆபரேஷனுக்கு ஒரு பெரியவர் வந்தார், கூட ஒரே மகன். ஆட்டோ ஓட்டுற பையன். அன்னைக்கு டாக்டர் அந்த வார்த்தையை ரெண்டு தடவை அழுத்திச் சொன்னார். நான் வழக்கம் போல சொன்னேன். பையன் கையெழுத்துப் போட்டுட்டு, "அப்போ நான் போய் நாஷ்டா பண்ணிட்டு வந்துடறேன்"னு கிளம்பினான். போகாதேப்பான்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு, சொல்லலை. ஆபரேஷன் முடிஞ்சும் பெரியவர் கண் முழிக்கவே இல்லை. பையன் கத்தலை, அடிக்க வரலை. என் முன்னாடி வந்து நின்னான். அடிச்சிருந்தாத் தேவலை.

"ஆயாம்மா, கத்ரான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உள்ளே போறதுக்கு முன்னாடி அப்பா கையைப் பிடிச்சிருப்பேனே."

நசீமா கேட்ட கேள்வி

அன்னையில இருந்து ரிஸ்க்னு கேட்டாலே எந்த வார்த்தையைச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. சொன்னா ஓடுறாங்க, சொல்லலைன்னா இப்படி. அந்த நேரத்துலதான் நசீமா பிரசவத்துக்கு வந்தா. புருஷன் துபாய்ல. மாமியார் கூட இருந்தாங்க. மத்தியானம் குழந்தையோட நாடித்துடிப்பு இறங்க ஆரம்பிச்சுது. டாக்டரம்மா ஓடி வந்து, உடனே ஆபரேஷன், ரிஸ்க் இருக்கு, சீக்கிரம் சொல்லுன்னாங்க. இந்தத் தடவை நான் மறைக்கலை. கத்ரான்னேன். பேப்பரையும் பேனாவையும் மாமியார்கிட்ட நீட்டினேன்.

மாமியார் பேனாவை வாங்கிக் கையிலேயே இறுக்கி வச்சுக்கிட்டாங்க. "கத்ராவா? நக்கோ, வேணவே வேணாம். மகன் சொல்லாம நான் போட மாட்டேன்." மகனுக்குப் போன் மேல போன் போட்டாங்க, எடுக்கலை. வயித்துல மாட்டியிருந்த மிஷின்ல டக்டக் சத்தம் மெல்ல மெல்ல இறங்குது. இந்த வார்த்தை ரெண்டு உசிரை வாங்கப் போகுதுன்னு நினைச்சேன்.

அப்போ ஸ்ட்ரெச்சர்ல இருந்து நசீமா என் புடவையைப் பிடிச்சு இழுத்தா. "ஆபரேஷன் பண்ணா கத்ரா எவ்வளவு? பண்ணலைன்னா எவ்வளவு? டாக்டரைக் கேளுங்க." இத்தனை வருஷத்துல ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. தெரிஞ்ச இங்கிலீஷை வச்சுக் கேட்டேன். டாக்டரம்மா கையாலேயே பதில் சொன்னாங்க. பண்ணா இவ்வளவுதான்னு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிட்டக் கிட்ட வச்சுக் காட்டினாங்க. பண்ணலைன்னா இவ்வளவுன்னு ரெண்டு கையையும் அகல விரிச்சாங்க. நசீமா மாமியார் கையில இருந்த பேனாவைப் பிடுங்கி, வலியோட வலியா, வலப்பக்கமிருந்து உருதுவுல தன் பேரை எழுதினா. என் மகனைக் கேட்காமலான்னு மாமியார் கத்தினாங்க.

"வலி என்ன உங்க பிள்ளையைக் கேட்டுட்டா வந்துச்சு, அம்மீஜான்?"

பொண்ணு பொறந்தா. ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்க. நசீமா வீட்டுக்குப் போற அன்னைக்குப் பக்கத்துக் கட்டில்காரங்க, ரிஸ்க்னா என்ன ஆயாம்மான்னு பேப்பரோட என்கிட்ட வந்தாங்க.  ஆயாவுக்குன்னு குடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கிட்டு நான் முழிச்சுக்கிட்டு நிக்க, பிள்ளையை மாமியார் மடியில போட்டுட்டு, பண்ணா எவ்வளவு, பண்ணலைன்னா எவ்வளவுன்னு டாக்டரைக் கேளுங்கன்னு, தையல் வலிக்க வலிக்க, ரெண்டு விரலைக் கிட்ட வச்சு, அப்புறம் ரெண்டு கையையும் அகல விரிச்சுக் காட்டினது நசீமாதான்.