வடக்கே பார்த்த அன்ரெனா

கேபிள் ரீவியை நிறுத்திவிட்டு, அமெரிக்கன் சனல்களைக் காசில்லாமல் பிடிக்க, கனடாவில் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுப் பின்வளவில் அன்ரெனாக் கோபுரத்தை நானே எழுப்பினேன். கிழமை முழுக்க ஃபக்டரி வேலை. மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமைகளை அந்த இரும்பு தின்றது. கிடங்கு வெட்டிக் கொங்கிறீற் போடவே ஒரு ஞாயிறு போனது. கடைசி ஞாயிறு, முப்பதடி உயரத்தில் ஏறி அன்ரெனாவை இறுக்கினேன்.

இறங்கி வந்து பார்த்தால் ரீவியில் வெறும் இரைச்சல். வயரைக் கழற்றிப் பூட்டினேன். அப்போதும் இரைச்சல்தான். வயர் விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மனைவி பின்கதவடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, அமெரிக்கன் சனல் லேக்குக்கு அங்காலை, தெற்கிலையெல்லோ இருக்கு. உது வடக்கையெல்லோ பாக்குது.”

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அன்ரெனாவை இந்தியாவைப் பார்த்து, வடக்கே திருப்பித்தான் பூட்டுவோம். திசையை யாரும் யோசிப்பதில்லை. இங்கே வடக்கே பனியைத் தவிர வேறொன்றும் இல்லை.

“ஓம்” என்றேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். நான் கனடாவுக்கு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. என் கைகளுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை போலும்.