இறங்கும்போது ஒரு முகம்

மைதிலி அக்கா போய்விட்டார் என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது நான் பொத்தேரி சிக்னலில் நின்றிருந்தேன். அக்காவின் எண்ணிலிருந்தே அவருடைய அம்மா அனுப்பியிருந்தார். பச்சை விழுந்ததும் தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடித்ததும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று என்னுடையது.

ஜெர்மனியில் நாம் படித்த அந்தச் சிறிய ஊரில் நம் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் ரயிலிலிருந்து அநாதையாக இறங்கியதில்லை. ஆராய்ச்சி மாணவியான அக்கா நடைமேடையில் நிற்பார். நான் இறங்கிய அன்று கையில் ஒரு பழைய கோட்டு வைத்திருந்தார். தி.நகரில் பேரம் பேசி வாங்கிய என் ஜெர்கினைத் தொட்டுப் பார்த்து, "இது ஊட்டிக்குப் போறவனுக்கு வித்ததுடா. இதைப் போட்டுக்கோ" என்றார். அன்று சனிக்கிழமை. மறுநாள் ஊரில் ஒரு கடையும் திறக்காது என்பது எனக்குத் தெரியாது. அவர் பையில் பாலும் ரொட்டியும் ஒரு டப்பா எலுமிச்சை சாதமும் இருந்தன.

விடுதிக்குப் போனால், வாசல் தபால் பெட்டியில் என் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. அங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் வங்கி அட்டை முதல் எல்லாமே திரும்பிப் போய்விடும். "பேர் ஒட்டலன்னா, தபால்காரருக்கு நீ இன்னும் தாம்பரத்துலதான் இருக்க" என்பார். வருகிறவன் வந்து சேரும் முன்பே பெயரை ஒட்டிவிடுவது அவர் வழக்கம்.

அழைத்து வரப்பட்டவர் அடுத்தவரை அழைக்கப் போக வேண்டும் என்பது நம் வழக்கம். ஒருமுறை என் முறை வந்தபோது, லொகேஷன் அனுப்பினால் அவனே வரமாட்டானா என்று சலித்துக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை.

"வழியை போன் சொல்லும்டா. இறங்கினதும் கண்ணு தேடும் பாரு, அதுக்கு ஒரு மூஞ்சி வேணும்."

சொல்லிவிட்டு அவரே போனார்.

உடம்பு முடியாமல், படிப்பைப் பாதியில் விட்டு அக்கா ஊர் திரும்பியபோது விமான விவரத்தைக் குழுவில் போட்டார். அதற்குள் நாம் பலரும் நாவலூரிலும் குரோம்பேட்டையிலும் வேலையோடு உட்கார்ந்துவிட்டோம். மீனம்பாக்கம் என்ன சீமையிலா இருக்கிறது? ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்தினோம். முதல் விரல் என்னுடையது. யாராவது போவார்கள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள். பெருங்களத்தூரில் சாவு வீட்டு வாசலில் நின்று ஒருவரையொருவர் "நீதானே போன?" என்று கேட்டபோதுதான், ஒருவருமே போகவில்லை என்பது தெரிந்தது. இடையில் எத்தனையோ தடவை போனில் பேசினோம். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அக்காவின் அம்மாவும் குறை சொல்லவில்லை. நானாகக் கேட்டதால் சொன்னார்.

"டாக்ஸி வந்துடுச்சுப்பா. வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு, 'கொஞ்சம் இரும்மா, பசங்க வருவாங்க'ன்னா. அப்புறம் டிராஃபிக்ல மாட்டியிருப்பாங்கன்னு அவளே சொல்லிக்கிட்டா."

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

விடுதியைக் காலி செய்தபோது தபால் பெட்டியிலிருந்து உரித்து எடுத்த அந்தக் காகிதம், அக்கா கையால் என் பெயர் எழுதியது, என்னிடம் இருக்கிறது. அதோடு, அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விமான நிலைய வாசல் கூட்டத்தில் நம் முகங்களைத் தேடிய அந்த நேரமும் இருக்கிறது. அதில் எங்களுக்கும் பங்குண்டு என்று ஆறுதல் சொல்லாதீர்கள். இந்தத் தடவை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விடமாட்டேன். அது முழுதும் என்னிடமே இருக்கட்டும்.